மானியமா, சி.எஸ்.ஆரா, நன்கொடையா? சிறப்பு மையம் நடத்துவோருக்கான நிதிக் கணக்கு

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காகத் தாலுகா ஊர்களில் மையம் நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "அரசு மானியத்துக்கு எழுதிப் போடலாமா? வாங்கினால் ஆபீஸ் ஆபீஸாக அலையணும் என்கிறார்கள். வாங்காமல் எத்தனை காலம் தெரிந்தவர்களிடமே கை நீட்டுவது?" கூடவே இன்னொன்றும் வரும்: பக்கத்து ஊர் மையத்துக்கு ஒரு கம்பெனி வேன் வாங்கிக் கொடுத்திருக்கிறது, நாமும் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிக்குக் கம்பெனிகள் செலவிட வேண்டிய பணம்) பக்கம் போய்விடலாமா?

தமிழ்நாட்டில் 30 முதல் 100 பயனாளிகள் வரை உள்ள மையங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்க்குடியில் 1981இல் தொடங்கி வளர்ந்த அமர் சேவா சங்கம் போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. அவர்களைப் பார்த்துச் சின்ன மையம் சூடுபோட்டுக்கொள்ள வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் அதிகம் தருவார்கள் என்று பார்ப்பதைவிட, எந்தப் பணம் எந்தத் தேதியில் வரும், அதை எதற்குச் செலவழிக்க விடுவார்கள் என்று பார்ப்பதுதான் மையத்தைக் காப்பாற்றும். பணமே வராமல் மூடிய மையங்களைவிட, வரவேண்டிய பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியவை அதிகம் என்பது என் எண்ணம்.

## முதலில் செலவை எழுதுங்கள்

ஒப்பிடுவதற்கு ஓர் உதாரண மையத்தை வைத்துக்கொள்வோம். பகல்நேர மையம், 40 குழந்தைகள். மாதச் செலவு இப்படி:

- சிறப்பாசிரியர் 5 பேர், ஆளுக்கு 18,000: மொத்தம் 90,000
- பிசியோதெரபிஸ்ட்: 22,000
- ஆயாக்கள் 4 பேர், ஆளுக்கு 10,000: மொத்தம் 40,000
- வேன் டிரைவர்: 14,000
- கணக்காளர்: 15,000
- மதியச் சாப்பாடு (40 பேர், 22 நாள், தலைக்கு 40 ரூபாய்): 35,200
- டீசல்: 25,000
- வாடகை: 30,000
- மின்சாரம், சோப்பு, டயப்பர், சில்லறை: 12,000
- ஆடிட்டர், இன்சூரன்ஸ், பழுது, இ.எஸ்.ஐ. வகையறா: 16,800

கூட்டினால் மாதம் 3 லட்சம், ஆண்டுக்கு 36 லட்சம், ஒரு குழந்தைக்கு மாதம் 7,500 ரூபாய். இதில் சம்பளம் மட்டும் 1,81,000. அதாவது பத்தில் ஆறு பங்கு, மாதம் பிறந்தால் கொடுத்தே ஆகவேண்டிய பணம். ஊருக்கு ஊர் எண்கள் மாறும். ஆனால் சம்பளம் பாதிக்கு மேல் போவது எல்லா மையத்துக்கும் பொது.

## எதைக் கொண்டு அளப்பது

ஒவ்வொரு நிதி வழியையும் ஐந்து கேள்விகளால் தட்டிப் பார்க்கலாம். பணம் முன்னால் வருமா, செலவு செய்த பிறகு வருமா? சம்பளத்துக்குக் கொடுக்கலாமா, பொருளுக்கு மட்டுமா? எத்தனை ஆண்டு தொடரும்? அதற்காக நாம் எழுதவேண்டிய கணக்கும் அறிக்கையும் எவ்வளவு, அதற்கு ஆள் இருக்கிறதா? கடைசியாக, அந்தப் பணம் நின்றுபோனால் எந்தக் குழந்தைக்குச் சேவை நிற்கும்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி மையம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். "மானியம் வாங்கினால்தானே பதிவு" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, சொந்தப் பணத்தில் நடத்தினாலும் பதிவு வேண்டும். மனநலம் பாதிக்கப்பட்டோருக்கான இல்லம் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு இந்த மாநிலத்தில் யாரும் இதை வெறும் காகித வேலை என்று சொல்ல முடியாது. வருமான வரித் துறையின் 12ஏபி பதிவு (அறக்கட்டளை வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி ஒப்புதல் (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) இரண்டும் இல்லாமல் கீழே உள்ள எந்த வழியும் ஒழுங்காகத் திறக்காது.

## மாநில அரசு மானியம்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கும் இல்லங்களுக்கும் உதவுகிறது. சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கு மதிப்பூதியமும் உணவூட்டு மானியமும் இதில் முக்கியமானவை. மனு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாகப் போகும், ஆய்வுக்கு வருவார்கள், ஆணை வரும்.

இதன் பெரிய பலம், சம்பளத்துக்குப் பணம் தருவது. மற்ற யாரும் மனமுவந்து தராத செலவு அது. ஒரு முறை பட்டியலில் ஏறிய மையத்துக்கு ஆண்டுதோறும் தொடர்வதற்கும் வாய்ப்பு அதிகம். அரசு ஆய்வு செய்த மையம் என்றால் கம்பெனிக்காரர்களும் நன்கொடையாளர்களும் கொஞ்சம் நம்பிக்கையோடு வருவார்கள். அந்த மதிப்பைக் குறைத்துப் பார்க்கக் கூடாது.

ஆனால் தொடரும் என்பதை உரிமை என்று நினைத்துவிடக் கூடாது. அரசு தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு உதவி தரலாம் என்ற அளவில் 2016 சட்டத்தின் 55ஆவது பிரிவு நின்றுவிடுகிறது.

இனி மறைந்த செலவுகள். முதலாவது தாமதம். உதாரண மையத்தில் ஐந்து ஆசிரியர், ஒரு பிசியோ ஆகியோரின் முழுச் சம்பளமான 1,12,000 ரூபாயையும் அரசே ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் எட்டு மாதம் தள்ளி வந்தால், அதற்குள் நாம் கையிலிருந்து போட்டிருக்கும் தொகை 8,96,000. இதை மாதாமாதம், ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குப் புரட்டினால் அந்த எட்டு மாதத்துக்கு வட்டி மட்டும் சுமார் 36,000 ரூபாய் ஆகும். மானியக் கணக்கில் இந்த வட்டிக்கு இடமே கிடையாது. சின்ன அறக்கட்டளைக்கு வங்கியும் லேசில் கடன் தராது. ஆகவே யாரோ ஓர் அறங்காவலர் நகையை வைக்கிறார், அல்லது ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் காத்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அது பட்ஜெட்டில் எந்த வரியிலும் தெரியாது. நல்ல ஆசிரியர் ஒருவர் விலகும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, ஆணையில் இருக்கும் பணியிடங்களுக்கும் மையத்தில் இருக்கும் ஆட்களுக்கும் உள்ள இடைவெளி. டிரைவரும் கணக்காளரும் பெரும்பாலும் ஆணையில் இருக்கமாட்டார்கள். மதிப்பூதியமும் நீங்கள் தரும் சம்பளமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மதிப்பூதியம் அதிகமாகவும் மையத்தின் சம்பளம் குறைவாகவும் இருக்கும் இடங்களில், ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு தொகையைக் கையில் கொடுக்கும் வழக்கம் உண்டு. மிச்சம் மற்ற ஆயாக்களின் சம்பளத்துக்குத்தான் போகிறது என்று சமாதானம் சொல்வார்கள். எதற்குப் போனாலும் அது மோசடிதான். ஒரு புகார் மனு போதும், இருபது வருடப் பெயர் போய்விடும்.

மூன்றாவது, கணக்கின் கண்டிப்பு. எந்த அரசு மானியமானாலும் தனி வங்கிக் கணக்கு, தணிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தைச் சொன்ன செலவுக்கே போட்டோம் என்ற சான்று) வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இன்படி மானியப் பணம் வங்கியில் ஈட்டிய வட்டியைக்கூட அரசுக்கே திருப்ப வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளை முன் அனுமதி இல்லாமல் விற்கவும் கூடாது. மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே உங்கள் கணக்கைப் பார்க்கலாம். அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதையெல்லாம் தொல்லை என்று நான் நினைக்கவில்லை. பொதுப் பணத்துக்குப் பொதுக் கணக்கு வேண்டும்தான். ஆனால் இதற்கு ஒரு கணக்காளர் வேண்டும், அவருக்கு யார் சம்பளம் தருவது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. மானியம் அடையாள அட்டை பெற்ற பயனாளிகளின் எண்ணிக்கையை ஒட்டிப் போகும். ஆரம்பநிலைப் பயிற்சிக்கு வரும் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பல சமயம் இன்னும் சான்றிதழே ஆகியிருக்காது. யாருக்குச் சீக்கிரம் பயிற்சி கொடுத்தால் பலன் அதிகமோ, அந்தக் குழந்தை பட்டியலுக்கு வெளியே நிற்கும். அவர்களுக்கான செலவை வேறு பணத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.

கையில் நான்கு முதல் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சேமிப்பு இருந்து, தகுதிச் சான்றும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவும் உள்ள ஆசிரியர்களும் இருந்தால் மாநில மானியமே முதல் தேர்வு. சேமிப்பு இல்லாமல் மானியத்தை நம்பி ஆள் எடுப்பதுதான் ஆபத்து.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, உலக வங்கிக் கடனுதவியோடு மாநில அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம். 2022இல் இதற்கு உலக வங்கி ஒப்புதல் தந்தது. 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இதன் கீழ்தான் வருகின்றன. இத்தகைய மையத்தை ஏற்று நடத்துவதை மானியம் என்று நினைத்து நுழையக் கூடாது. ஒப்பந்தத்தில் சொன்ன சேவையைச் சொன்ன அளவில் தந்தால்தான் பணம். திட்டத்துக்கு முடிவுத் தேதியும் உண்டு. திட்டத்துக்காக எடுத்த ஆட்களை அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் கையெழுத்துப் போடும் அன்றே பேசிவிட வேண்டும்.

## மத்திய அரசின் தீன்தயாள் திட்டம்

தீன்தயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் 1999 முதல் வடிவம் மாறி மாறி வருவது. 2018 ஏப்ரலில் திருத்தப்பட்டது. ஆரம்பநிலைப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, பெருமூளை வாதம், மனநலம் தேறியவர்களுக்கான இடைநிலை இல்லம், வீடுசார் மறுவாழ்வு என ஒன்பது மாதிரித் திட்டங்கள் இதில் உண்டு. இணையத்தில் இ-அனுதான் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆய்வும் மாநிலப் பரிந்துரையும் தாண்டித்தான் டெல்லிக்குப் போகும்.

'90 சதவீத மானியம்' என்று கேட்டதும் பலர் மயங்கிவிடுகிறார்கள். அந்த 90 சதவீதம் திட்டத்தின் விலைப்பட்டியல் ஒப்புக்கொள்ளும் செலவுக்குத்தான். உங்கள் 36 லட்சத்தில் 20 லட்சத்தை மட்டும் அந்தப் பட்டியல் ஒப்புக்கொண்டால் மானியம் 18 லட்சம். உண்மைச் செலவில் அது சரிபாதி. மீதி 18 லட்சத்தை நீங்கள்தான் திரட்ட வேண்டும். இதை எழுதிப் பார்க்காமல் "டெல்லி பணம் வருகிறது, இனி கவலையில்லை" என்று உள்ளூர் நன்கொடை வேலையைத் தளர்த்திய மையங்கள் அடுத்த ஆண்டே திணறும்.

தாமதம் இங்கே இன்னும் நீளம், ஏனென்றால் மூன்று மேசைகள் தாண்ட வேண்டும். ஒரே செலவுக்கு மாநிலத்திலும் மத்தியிலும் மானியம் வாங்க முடியாது. வேறு எங்கும் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் மனு போடுவதானால் யாருடைய சம்பளம் எதில் என்று பெயர் வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். மாநில மானியத்தை நான்கைந்து ஆண்டு சிக்கலில்லாமல் கையாண்டு, அடுத்த ஒரு பிரிவைத் தனியாகத் தொடங்க நினைக்கும் மையத்துக்கு இது பொருந்தும். முதல் மானியமாக இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

## கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்.

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வியும் தொழிற்பயிற்சியும் ஏழாவது அட்டவணையில் வெளிப்படையாகவே இருக்கின்றன. 2021 ஏப்ரல் முதல் வாங்கும் அறக்கட்டளைக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் கட்டாயம்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை, தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். உள்மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அவ்வளவு லேசில்லை, ஏனென்றால் தங்கள் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது.

பணம் முன்னால் வரும், தொகை பெரிதாக இருக்கும், பேசி முடித்தால் சட்டென்று நடக்கும். ஆனால் கம்பெனிக்குப் பிடித்தது கண்ணில் தெரியும் பொருள். வேன், சென்சரி அறை, கழிப்பறை, கம்ப்யூட்டர் என்றால் கேட்டதும் கிடைக்கும். ஆயா சம்பளம் என்றால் முகம் சுளிப்பார்கள். அந்த வேனையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு 14,000, டீசலுக்கு 25,000. மாதம் 39,000, ஆண்டுக்கு 4,68,000 ரூபாய். இன்சூரன்ஸும் டயரும் தனி. இலவச வேன் வந்த நாளிலிருந்து இந்தச் செலவு நம் தலையில். எந்தப் பொருளை ஏற்பதானாலும் அதன் மூன்று ஆண்டு ஓட்டச் செலவையும் சேர்த்து ஒப்பந்தத்தில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் தேவையில்லை. விவரம் தெரிந்த சி.எஸ்.ஆர். அதிகாரி அதை மதிப்பார்.

பேரம் பேசும்போது இன்னொன்று அடிக்கடி வரும். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர விதியில்லை" என்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. திட்டத்துக்காகவே வேலை செய்யும் உங்கள் ஆசிரியரின் சம்பளம் அதில் சேராது. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள்தான். லாபம் குறைந்தால், மேலாளர் மாறினால், கம்பெனியின் கவனம் குளம் தூர்வாருவதற்குத் திரும்பினால் கதை முடிந்தது. படம் எடுக்க வரும் தன்னார்வலர் கூட்டமும் ஒரு செலவுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒரே நாளில் முப்பது புதுமுகங்கள் என்றால் அந்த வாரம் முழுக்க வகுப்பு கெடும். பெற்றோர் எழுத்துமூலம் சம்மதிக்காத குழந்தையின் முகம் எந்தப் பதாகையிலும் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

## ஊர்க்காரர் நன்கொடை

சுதந்திரமான பணம் இதுதான். மானியம் தாமதமானால் சம்பளம் போடலாம், சான்றிதழ் இல்லாத குழந்தைக்குப் பயிற்சி தரலாம், டயப்பர் வாங்கலாம். நிபந்தனையற்ற 1 லட்சத்தை நிபந்தனையுள்ள 2 லட்சத்துக்குச் சமமாக நான் மதிப்பேன்.

நம் ஊரில் நன்கொடை என்றாலே சாப்பாடு. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி, அமாவாசை. ஒரே நாளில் மூன்று பேர் பிரியாணியோடு வந்து நிற்பார்கள், மறுநாள் யாரும் இல்லை. உதாரண மையத்தில் சாப்பாட்டுச் செலவு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஊர் விரும்பித் தருவதற்கும் மையத்துக்கு வேண்டியதற்கும் இடையே பெரிய பள்ளம். பொருளாகத் தரும் அரிசிக்கும் சமைத்த சாப்பாட்டுக்கும் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னால், சிலராவது பணமாகத் தர முன்வருவார்கள்.

கோயில் கட்டளை முறை நம்மவர்களுக்குப் பழக்கமானது. அதையே மையத்துக்கும் கொண்டுவரலாம். ஒருவர் 50,000 ரூபாயை மூலதன நிதியாக (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதி) தருகிறார். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 3,500. அவர் சொல்லும் நாளில் 40 குழந்தைகளுக்கும் 12 பணியாளர்களுக்கும் தலைக்கு 60 ரூபாய் கணக்கில் சாப்பாடு போட்டால் 3,120. 'மூலதன நிதிக்காக' என்று நன்கொடையாளர் எழுத்தில் தர வேண்டும். பணத்தை வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் வைக்க வேண்டும். விலைவாசி ஏறினால் பத்து வருடத்தில் 3,500 போதாது, ஆகவே தொகையை அவ்வப்போது உயர்த்தியே ஆகவேண்டும். சாப்பாட்டோடு நிறுத்தாமல் 'ஆசிரியர் கட்டளை', 'பிசியோ கட்டளை' என்றும் கேட்டுப் பாருங்கள். தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

80ஜியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 30 சதவீத வரி அடுக்கில் உள்ளவர் பழைய வரி முறையில் 10,000 தந்தால், பாதித் தொகைக்குக் கழிவு. செஸ் சேர்த்து 1,560 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையில் இந்தக் கழிவே கிடையாது, 2023-24 முதல் அதுதான் இயல்பு முறை. "வரிச் சலுகை உண்டு" என்ற வாசகத்தை மட்டும் நம்பிய வேண்டுகோள்களுக்கு இனி வலு குறைவு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பழைய முறையிலும் சலுகை கிடையாது. நன்கொடையாளர் விவரத்தை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பான் எண் வாங்காமல் ரசீது போட்டால் அந்த வாரம் கண் பிதுங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் நன்கொடை வறண்டுபோகும், ஒரு அறங்காவலரின் தொடர்புகளையே எல்லாம் நம்பியிருக்கும் என்பவை இதன் இயல்பான பலவீனங்கள். மாதம் 500 ரூபாய் தானாகப் பிடித்துக்கொள்ளும் 200 பேர் கிடைத்தால் 1 லட்சம், அதாவது உதாரண மையத்தின் சம்பளச் செலவில் பாதிக்கு மேல். ஒரே தனவந்தர் தரும் 12 லட்சத்தைவிட அது நிலையானது.

## வெளிநாட்டு நிதி

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஊர்க்காரர் சங்கம் உதவத் தயாராக இருந்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. (இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது, அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.) பதிவுக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பள்ளி ஆசிரியர் சம்பளம் போன்ற நேரடிச் சேவைச் செலவு அந்த 20 சதவீதத்தில் வராது என்பது ஆறுதல்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு நின்றால் மொத்தப் பணமும் அன்றே நிற்கும். உறுதியான கொடையாளர் கையில் இல்லாமல், "வந்தால் வரட்டும்" என்று பதிவு வாங்கி வைப்பது வீண் வேலை. பணம் வராத ஆண்டுக்கும் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும்.

## பெற்றோர் கட்டணம்

6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று 2016 சட்டத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையை நிறைவேற்றும் பணம் மையத்துக்கு முழுதாக வராததால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. மாதம் 7,500 ரூபாயைக் கட்டும் குடும்பங்கள் தாலுகா ஊரில் மிகச் சில. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா வேலையையும் விட்டிருப்பார்.

வருமானத்துக்கு ஏற்ற படிக்கட்டுக் கட்டணம் நியாயம்: சிலருக்கு இலவசம், சிலருக்கு 500, வசதி உள்ளவருக்கு முழுச் செலவு. ஆனால் அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை அப்படியே மையத்துக்குக் கட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது குழந்தையின் பால், மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் செலவு. மானியம் வாங்குவதாக இருந்தால் கட்டணம் பற்றி ஆணை என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு (1 லட்சம் ரூபாய் வரை) ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உண்டு. அதில் தெரபிச் செலவையும் ஒரு வரம்புக்குள் கேட்டுப் பெறலாம். கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் எல்லாக் குழந்தைகளையும் அதில் சேர்த்துவிடுவது மேல்.

## ஒரு பார்வையில்

| நிதி வழி | பணம் எப்போது | எதற்குப் பொருந்தும் | மறைந்த செலவு | எப்போது தள்ளிப் போடலாம் |
|---|---|---|---|---|
| மாநில மானியம் | தாமதமாக, ஆனால் தொடர்ந்து | ஆசிரியர் சம்பளம், சாப்பாடு | கைப்பணம் முடங்குதல், கணக்காளர் | நான்கு மாதச் சேமிப்பு இல்லாதபோது |
| தீன்தயாள் திட்டம் | இன்னும் தாமதம் | தனிப் பிரிவு ஒன்றில் பட்டியல் ஒப்புக்கொள்ளும் செலவு | ஒப்புக்கொள்ளாத செலவு | முதல் மானியமாக |
| சி.எஸ்.ஆர். | முன்பணமாக | பொருள், கட்டடம், புதிய முயற்சி | ஓட்டச் செலவு, அறிக்கை | ஓட்டச் செலவுக்கு வழியில்லாதபோது |
| உள்ளூர் நன்கொடை | சிறுகச் சிறுக | எதற்கும் | திரட்டும் உழைப்பு | தள்ளிப் போடவே கூடாது |
| வெளிநாட்டு நிதி | கொடையாளரைப் பொறுத்து | பல ஆண்டுத் திட்டம் | சட்டக் கடமைகள் | உறுதியான கொடையாளர் இல்லாதபோது |
| கட்டணம் | மாதாமாதம் | சில்லறை, தெரபி | ஏழைக் குழந்தை நின்றுபோதல் | எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றால் |

## உங்கள் நிலைக்கு எது

தொடங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் மானியப் பேச்சே வேண்டாம். தீன்தயாள் திட்டம் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதிவைக் கேட்கிறது. இந்தக் காலத்தில் மாத நன்கொடையாளர் பட்டியலை வளர்த்து, வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பயிற்சித் திட்டம் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வந்தால் பிற்பாடு ஆய்வுக்கு வருபவர் கேட்பது எல்லாம் கையில் இருக்கும்.

நன்கொடையில் ஓடுகிறது, சேமிப்பு இல்லை என்றால் முதல் வேலை சேமிப்பு. வருமானத்தில் 15 சதவீதம் வரை காரணம் சொல்லாமல் ஒதுக்கி வைக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டு வருமானம் 36 லட்சம் என்றால் 5,40,000. இரண்டு ஆண்டு அப்படி ஒதுக்க முடிந்தால் 10,80,000, உதாரண மையத்தின் ஆறு மாதச் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். செலவு போக மிஞ்ச வேண்டுமே என்பீர்கள். மிஞ்சாத மையம் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதை ஓராண்டு நிறுத்தி வைக்க வேண்டும். சொல்லக் கஷ்டமான யோசனைதான். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பெற்றோருக்கு முகம் கொடுக்க முடியாது. ஆனாலும் சேர்த்துக்கொண்டு நடுவில் கைவிடுவது அதைவிட மோசம்.

தங்கும் இல்லம் என்றால் கணக்கே வேறு. 24 மணி நேர ஆள், இரவுப் பணி, மருந்து, பெற்றோர் இல்லாத பெரியவர்கள்; கட்டணத்துக்கு வழியே இல்லை. இங்கே மாநில மானியம் இல்லாமல் நெடுநாள் தாங்காது. ஆனாலும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் எந்த ஒரு மூலத்திலிருந்தும் வரக்கூடாது என்ற வரம்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பகல் மையம் ஒரு மாதம் மூடலாம், இல்லத்தை ஒரு ராத்திரிகூட மூட முடியாது.

ஆலைகள் சூழ்ந்த ஊர் என்றால் சி.எஸ்.ஆரைப் பொருளுக்கு வாங்கி, மானியத்தைச் சம்பளத்துக்கு வாங்குங்கள். கம்பெனியிடம் பணம் தவிர வேறொன்றும் கேட்கலாம்: 18 வயது தாண்டிய மாணவர்களுக்குப் பேக்கிங், பைண்டிங், தோட்ட வேலை ஆர்டர்.

இருபது ஆண்டு கடந்த மையம் என்றால் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பாருங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் அது சட்டக் கடமை. கடைசிச் சம்பளம் 20,000 வாங்கி இருபது ஆண்டு வேலை செய்த ஆசிரியருக்கு 2,30,769 ரூபாய். ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில்தான் ஓய்வு பெறுவார்கள். மூன்று பேருக்குச் சேர்த்தால் ஏழு லட்சத்துக்குப் பக்கம். எந்த மானிய ஆணையிலும் இதற்குத் தலைப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சி.எஸ்.ஆரும் தராது. எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுதோறும் கட்டி வருவது ஒரு வழி. இதுவரை கட்டவில்லை என்றால் இந்த ஆண்டுத் தணிக்கையிலேயே நிலுவையைக் கணக்கிட்டுத் தரும்படி ஆடிட்டரிடம் கேளுங்கள், புதிய மானிய மனு எழுதுவது அதற்குப் பிறகு.